தாய்மொழி ஒன்றே தகுதியாகுமா?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் மஃரிப் தொழுகையை முடித்துக்கொண்டு முல்லா வீதி வழியே நடந்துகொண்டிருந்தோம். மின்கம்பம் ஒன்றில் ஒட்டப்பட்டிருந்த அச்சுத்தாள் கண்ணிற் பட்டது. ‘தாய்மொழியாளரிடமே இந்தி பயிலுங்கள், வீட்டிற்கே வந்து கற்பிக்கப்படும்’ என்று அதில் கண்டிருந்தது. படித்துவிட்டு நகர்ந்திருப்போம். ஆனால் உடன் வந்த வணிகர் ஒருவர், நமக்கு நெடுநாள் பழக்கமானவர், அத்தாளைச் சுட்டிக்காட்டிப் பெருமிதத்தோடு சொன்னார்: “ஹஜ்ரத், நம் வீட்டுக்கும் இவர்தாம் வருகிறார். அசல் வடநாட்டுக்காரர். முன்பு வந்துகொண்டிருந்த அம்மாவை நிறுத்திவிட்டோம். என்ன இருந்தாலும் அந்த அம்மா தமிழச்சிதானே!”

அந்த அம்மையாரை நாம் அறிவோம். தக்ஷிண பாரத இந்தி பிரசார சபையின் தேர்வுகளைப் பிராத்மிக் தொடங்கிப் பிரவீண் வரை முறையாகத் தேறியவர். முப்பது ஆண்டுகளாக இந்நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்தி சொல்லிக் கொடுத்தவர். அவரிடம் பயின்ற ஒருவர் இன்று வங்கி அதிகாரியாக வடநாட்டில் பணியாற்றுகிறார். அவருக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்த நம் நண்பர், புதியவருக்கு 2,000 ரூபாய் கொடுக்கிறார். கொடுக்கட்டும்; பணம் அவருடையது. எட்டு மாதம் கழித்து அவருடைய மகனை அழைத்து, ‘நான் நேற்று ரொட்டி தின்றேன்’ என்பதை இந்தியில் எழுதச் சொன்னோம். பிள்ளை எழுதியது பிழை. அது பெரிதன்று, பிழை செய்யாமல் மொழி கற்றவர் யார்? ‘ஏன் பிழை என்று உங்கள் ஆசிரியர் சொன்னாரா?’ என்று கேட்டோம். ‘அப்படிச் சொல்லக்கூடாது என்று சொன்னார், ஏன் என்று சொல்லவில்லை’ என்றான். இக்கட்டுரை எழுதத் தூண்டியது அந்த மறுமொழியே.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். இந்தி கற்பதை எதிர்த்து நாம் எழுதவில்லை. இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு, ஒருவன் தன் விருப்பத்தாலும் தேவையாலும் இந்தி பயில்வது வேறு. 1938-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டபோது, சட்டமன்றத்தில் முஸ்லிம் லீக் உறுப்பினர் கலிபுல்லா சாஹிப், தாம் ராவுத்தர் என்றும், தம் தாய்மொழி உருது அன்று, தமிழே என்றும், அதில் தமக்கு நாணமில்லை, பெருமையே என்றும் உரைத்தார். அக்கட்டாயம் 1940 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. பின்னர் அரசியல் நிர்ணய சபையில் மொழிப் பிரச்சினை எழுந்தபோது, தொன்மையே அளவுகோலானால் இந்த மண்ணின் தொன்மொழி தமிழே எனக் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் எடுத்துரைத்தார். இவர்கள் நம் முன்னோர். இவர்கள் வழியில் நிற்பவர்க்கு எந்த மொழியின் மீதும் பகை இருக்கத் தேவையில்லை. தம் மொழியின் மீது நாணம் இருத்தல்தான் ஆகாது.

புதுச்சேரியின் நிலை சற்று வேறு. 1938-இல் இது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. சென்னையின் ஆணை இங்கு செல்லாது. இந்தி எதிர்ப்புப் பாடல்களை முழங்கிய பாவேந்தர் பாரதிதாசன், இங்கே பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் தமிழாசிரியராக ஊதியம் பெற்றுக்கொண்டிருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. 1962 ஆகஸ்டில் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தோம். அதன்பின் வந்த 1976-ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு மாநிலத்திற்குப் பொருந்தா என்று அவ்விதிகளிலேயே எழுதப்பட்டுள்ளது. புதுச்சேரிக்கு அந்த விலக்கு இல்லை. கோரிமேட்டைத் தாண்டினால் ஒரு விதி, இப்பால் ஒரு விதி. நடுவண் அரசு அலுவலகங்கள், பெரிய மருத்துவமனை, பல்கலைக்கழகம் எனப் பல இடங்களில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் இந்தியைச் சந்தித்தே ஆகவேண்டும். 2023-24 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளிலும் நடுவண் வாரியப் பாடத்திட்டம் புகுந்துவிட்டது. ஆகவே பெற்றோர் கவலையுறுவதில் வியப்பில்லை. அந்தக் கவலையைக் காசாக்கும் ஒரு சொல்லே ‘தாய்மொழியாளர்’ என்பது. நம் வழக்கு அச்சொல்லின் மீதே.

நாம் அரபு கற்பிப்பவர். நம் துறையிலிருந்தே தொடங்குகிறோம். நஹ்வு எனப்படும் அரபு இலக்கணத்திற்குத் தலைநூல் எழுதியவர் யார்? சீபவைஹி. அவர் பாரசீகர், அரபு அவர் தாய்ப்பாலோடு பருகிய மொழியன்று. இளமையில் பஸ்ராவில் ஹம்மாத் இப்னு ஸலமா என்னும் பெரியாரிடம் ஹதீஸ் பயின்றபோது, இரண்டாம் வேற்றுமையில் வரவேண்டிய சொல்லை முதல் வேற்றுமையில் வாசித்துவிட்டார். ‘பிழை செய்தாய், சீபவைஹி!’ என்று ஆசிரியர் திருத்தினார். இனி எவரும் தம்மைத் திருத்த முடியாத ஒரு கலையைக் கற்பேன் என்று எழுந்து சென்று கலீல் இப்னு அஹ்மதிடம் சேர்ந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் எழுதிய நூலுக்குப் பெயர்கூட இல்லை. ‘அல்கிதாப்’, அதாவது ‘நூல்’ என்றே உலகம் அழைக்கிறது. பிழைபட்டவன் எழுதிய இலக்கணம் அது. பிழை எங்கே பிறக்கிறது என்பதைப் பிழைபட்டவனே அறிவான்.

இன்னும் ஒரு நிகழ்ச்சியும் உண்டு. நஹ்வு நூல்களில் அதனைக் ‘குளவி வழக்கு’ என்பர். பாக்தாதில் அமைச்சர் யஹ்யா பர்மகீயின் அவையில் சீபவைஹிக்கும் கிஸாயீக்கும் வாதம் நடந்தது. கிஸாயீ யார் தெரியுமா? கலீஃபா ஹாரூன் ரஷீதின் மைந்தர்களுக்கு வீட்டாசிரியர்! தேளின் கொடுக்கையும் குளவியின் கொடுக்கையும் ஒப்பிடும் ஒரு வாக்கியம். அதன் ஈற்றுச் சொல் எந்த வேற்றுமையில் வரவேண்டும் என்பது கேள்வி. முதல் வேற்றுமையே சரி, வேறெதுவும் ஆகாது என்றார் சீபவைஹி. இரண்டும் ஆகும் என்றார் கிஸாயீ. தீர்ப்புக்காக வாயிலில் நின்ற பாலைவன அரபிகளை, இன்றைய சொல்லில் சொன்னால் ‘தாய்மொழியாளர்களை’, உள்ளே அழைத்தார்கள். அவர்கள் கிஸாயீயின் பக்கமே பேசினர். அவர்கள் கைக்குப் பணம் மாறியது என்பாரும் உளர்; அரசவையில் கிஸாயீக்கு இருந்த செல்வாக்கைக் கண்டு அஞ்சினர் என்பாரும் உளர். ‘அச்சொல்லை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள், அவர்கள் நாக்கு அதற்கு இசையாது’ என்று சீபவைஹி வேண்டினாராம், எவரும் கேட்கவில்லை. மனமுடைந்து பாக்தாதை விட்டுப் போனவர், நெடுநாள் உயிர் வாழவில்லை. பின்வந்த இலக்கண அறிஞரோ பெரும்பாலும் அவர் சொன்னதே சரி என்று எழுதினர்.

பேசத் தெரிந்தவனுடைய சான்று வேறு, இலக்கணம் அறிந்தவனுடைய விளக்கம் வேறு என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நம் மதரஸா மாணவர் முதலில் ஓதும் ‘அஜ்ரூமிய்யா’வை எழுதியவர் மொராக்கோ நாட்டு ஃபாஸ் நகரத்தவர்; பர்பர் குலத்தார். ‘முஃபஸ்ஸல்’ எழுதிய ஸமக்ஷரீ குவாரஸ்ம் நாட்டவர். தமிழுக்கே வருவோம். ‘தொன்னூல் விளக்கம்’ செய்த வீரமாமுனிவர் இத்தாலியர். இதே புதுச்சேரியில் 19-ஆம் நூற்றாண்டில் மிஷன் அச்சகத்தார் வெளியிட்ட தமிழ்-பிரெஞ்சு அகராதியைத் தொகுத்தவர்கள் பிரெஞ்சுப் பாதிரிமார் இருவர். இவர்களையெல்லாம் ‘தாய்மொழியாளர் அல்லர்’ என்று மின்கம்பத்துத் தாளில் எழுதி விலக்கிவிடலாமா?

‘ஹஜ்ரத், அவர்களெல்லாம் மேதைகள், நாம் கேட்பது பிள்ளைக்கு நாலு வார்த்தை பேசக் கற்றுத் தருவதுதானே’ என்பார் நம் நண்பர். நியாயமே. நாலு வார்த்தை பேசவும், ஒலியைச் செவியிற் பதிக்கவும் தாய்மொழியாளர் துணை பெரிது; அதை மறுப்பவர் மூடர். இந்தியில் உண்ணும் உணவும் ‘கானா’, பாடும் பாட்டும் ‘கானா’, ஒற்றைக் கண்ணனும் ‘கானா’. தமிழெழுத்தில் எழுதினால் மூன்றும் ஒன்றே. வடவர் செவிக்கோ மூன்றும் வெவ்வேறு. ‘எனக்குக் கானா வேண்டும்’ என்று நம் பிள்ளை போய்க் கேட்டால் ஒற்றைக் கண்ணனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்! இவ்வேறுபாட்டை ஒலித்துக் காட்ட வடநாட்டவர் வேண்டும், ஐயமில்லை. ஆனால் நம் பிள்ளையின் செவிக்கு அம்மூன்றும் ஏன் ஒன்றாகக் கேட்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. தமிழில் ஒரே ககரம் சொல்லின் முதலில் வல்லொலியாகவும், மெல்லினத்தின் பின் மென்மையாகவும் இடம்நோக்கி ஒலிக்கிறது. ஆகவே தமிழ்ப்பிள்ளையின் செவி இடத்தைத்தான் கவனிக்கும், ஒலியை அன்று. இது தெரிந்தவர் நிறுத்தப்பட்ட அந்த அம்மையார். வாய்க்கு முன் உள்ளங்கையைப் பிடித்து, மூச்சுக்காற்று கையிற் படுகிறதா இல்லையா என்று பார்க்கச் சொல்வாராம். நாம் மக்தபில் மக்ரஜ் கற்பிக்கும் முறையும் ஏறத்தாழ இதுவேதான். காஃபையும் காஃபையும் பிரித்துச் சொல்லாத பிள்ளைக்குத் தொண்டையைத் தொட்டுக் காட்டுகிறோம் அல்லவா? (பாருங்கள், இங்கேயும் தமிழெழுத்து நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டது, இரண்டும் வெவ்வேறு எழுத்துக்கள்.)

நம் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறோம். நாம் ஓதிய மதரஸாவில் பயிற்றுமொழி உருது. வீட்டில் தமிழன்றி வேறறியாத பையனாகப் போனோம். ஸர்ஃபுக்கு முதல் நூல் ‘மீஸான்’. அது பாரசீகத்தில் உள்ளது. அதை உருதுவில் விளக்கினர். இடையே தமிழுக்கு இடமே இல்லை. உருதுவைத் தாய்மொழியாகக் கொண்ட உஸ்தாத் ஒருவர். கண்ணியமானவர், கடல் போன்ற கல்வி உடையவர். அவர் சொன்னதை ஓராண்டு கிளிப்பிள்ளை போல் ஒப்பித்தோம். ஏன் ‘கிதாப்’ அரபியில் ஆண்பால், உருதுவில் பெண்பால் என்று கேட்டபோது, ‘அப்படித்தான் பேசுகிறோம்’ என்றார். அடுத்த ஆண்டு தமிழ் பேசும் உஸ்தாத் ஒருவர் வந்தார். அவருடைய உருது உச்சரிப்பைக் கேட்டு வடபுலத்து மாணவர் வாய்பொத்திச் சிரிப்பர். அவர் ஒரே மாலையில், தமிழில் பால் என்பது பொருளைப் பற்றியது, அரபியிலும் உருதுவிலும் அது சொல்லைப் பற்றியது என்று சொல்லி எம் கண்களைத் திறந்தார். அரபியில் ஞாயிறு பெண்பால், திங்கள் ஆண்பால். இதற்குக் காரணம் தேடாதே, சொல்லோடு சேர்த்தே மனனம் செய் என்றார். நம் ஓராண்டுத் திகைப்பு அன்று நீங்கிற்று. முதல் உஸ்தாதின் கல்வியில் குறையில்லை. எமக்கு என்ன தெரியாது என்பது அவருக்குத் தெரியவில்லை, குறை அவ்வளவே.

இந்நகரத்திற்கே உரிய பழஞ்சொல் ஒன்று உண்டு: துபாஷி. இரு மொழி அறிந்தவன் என்பது பொருள். சொல்லே வடக்கிலிருந்து வந்தது. 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, துய்ப்ளேக்ஸ் துரைக்குத் துபாஷியாயிருந்தவர். பிரெஞ்சு மட்டும் அறிந்த துரையாலும் வணிகம் நடக்கவில்லை, தமிழ் மட்டும் அறிந்த நெசவாளராலும் நடக்கவில்லை. நடுவில் இருவரையும் அறிந்த ஒருவர் வேண்டியிருந்தது. நம் பாட்டனார் சைகோனுக்குக் கப்பலேறிய காலத்தில், பிரெஞ்சைக் கற்றது எந்தப் பிரெஞ்சுக்காரரிடமும் அன்று. அங்கே முன்பே கடை வைத்திருந்த காரைக்கால் மரைக்காயர் ஒருவரின் கணக்கரிடம். ஆறு மாதத்தில் சுங்கச்சாவடித் தாள்களைத் தாமே நிரப்பினாராம். ஆசிரியன் என்பவன் துபாஷியாயிருத்தல் வேண்டும். மாணவனின் மொழியறியாத ஆசிரியன், கரையில்லாத பாலம்.

தென்னாட்டில் இந்தி பரவிய வரலாறும் இதையே சொல்கிறது. 1918-இல் காந்தியடிகள் சென்னையில் தொடங்கிய இந்தி பிரசாரத்திற்கு அவருடைய மகன் தேவதாஸ் காந்தியே முதற் பிரசாரகராக வந்தார். தேவதாஸின் தாய்மொழி குஜராத்தி! பின்னர் சபையைக் கட்டி வளர்த்தவர்களில் தலையாயவர் மோட்டூரி சத்தியநாராயணா, தெலுங்கர். ஊர் ஊராகச் சென்று வகுப்பெடுத்தவர்கள் பெரும்பாலும் இந்தியைக் கற்றுக்கொண்ட தமிழரும் தெலுங்கரும் கன்னடியரும் மலையாளிகளுமே. இந்திக்காக வாதாடுவோர்கூட மறுக்க முடியாத செய்தி இது: நூறாண்டுகளில் தெற்கே இந்தி கற்றவர் பெரும்பாலோர், அதனைத் தாய்மொழியாகக் கொள்ளாதவரிடமே கற்றனர்.

இனி அந்த இளைஞரைப் பற்றி. நாம் வழக்கு வாதிப்பது அவர்மேல் அன்று. நண்பரின் வீட்டில் அவரைக் கண்டோம். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். பகலில் ஒரு பண்டகசாலையில் வேலை. மாலையில் நான்கு வீடுகளுக்குப் போய்ப் பாடம். பணிவானவர். உருதுவில் பேசியதும் முகம் மலர்ந்தார். ‘எந்த ஊர், தம்பி?’ என்றோம். பீகாரின் மேற்குக் கோடி என்றார். ‘அப்படியானால் வீட்டில் போஜ்புரி அல்லவா?’ என்றோம். மலர்ந்த முகம் வாடிற்று. உள்ளே நண்பரின் காதில் விழுந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தார். ‘மௌல்வி சாஹப், இதை வெளியே சொல்லாதீர்கள், வேலை போய்விடும்’ என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார். அவர் இசைவோடும் பெயர் சுட்டாமலும்தான் இப்போது எழுதுகிறோம்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் 52 கோடிக்கு மேல் என்று காட்டப்பட்டுள்ளது. அந்தக் கணக்கின் உள்ளே போஜ்புரி பேசுவோர் 5 கோடிக்கு மேல் அடக்கம். இராஜஸ்தானி, மகஹி, சத்தீஸ்கரி முதலியவற்றைப் பேசுவோரும் அதனுள் அடக்கம். பாடநூலில் உள்ள இந்தியோ தில்லி, மீரட் வட்டாரத்துக் கடீபோலியை அடியாகக் கொண்டு கடந்த இரு நூற்றாண்டுகளில் திருத்தி அமைக்கப்பட்டது. ஆகவே ‘இந்தித் தாய்மொழியாளர்’ என்று வருகிறவரில் பலர், அந்தப் பாடநூல் இந்தியைப் பள்ளிக்குப் போய்த்தான் கற்றிருக்கிறார்கள். நம் பிள்ளையைப் போலவே.

இங்குதான் செய்தியின் கரு இருக்கிறது. நண்பரின் மகன் எழுதிய பிழை எது என்று முன்னே சொன்னோம் அல்லவா? ‘மைன் ரோட்டீ காயா’ என்று எழுதியிருந்தான். ‘மைன்னே ரோட்டீ காயீ’ என்று இருக்கவேண்டும். செயப்படுபொருள் ஏற்கும் வினை இறந்தகாலத்தில் வந்தால் எழுவாய் ‘நே’ என்னும் உருபை ஏற்கும். வினையோ தின்றவனை விட்டுத் தின்னப்பட்ட ரொட்டியின் பாலைப் பின்பற்றும். ரொட்டி பெண்பால், ஆகவே ‘காயீ’. ‘என்னால் ரொட்டி தின்னப்பட்டது’ என்று தமிழில் செயப்பாட்டு வினையாக்கிப் பார்த்தால், வினை ஏன் ரொட்டியைத் தொடர்கிறது என்பது சிறுவனுக்கும் விளங்கும். வடமொழியிலிருந்து அவ்வாக்கியம் வந்த வழியும் அதுவே. விலக்குகள் சில உண்டு. கொண்டுவருதல், மறத்தல் போன்ற வினைகளுக்கு ‘நே’ வாராது. இவை சொல்லித்தர வேண்டியவை. கேட்டே பழகிக்கொள் என்று விட்டுவிடக் கூடியவை அல்ல.

போஜ்புரியில் இந்த ‘நே’ இல்லை. ரொட்டிக்கும் மேசைக்கும் இந்தியில் உள்ளதுபோல் கண்டிப்பான பால் வேறுபாடும் அங்கில்லை. அது மட்டுமா? ‘ஹம்’ என்பது இந்தியில் ‘நாம்’. போஜ்புரியிலோ அதுவே ‘நான்’. அந்த இளைஞர் சிறுவயதில் பள்ளியில் ‘ஹம்’ என்று தம்மைச் சுட்டியதற்கும், ‘நே’யை விட்டுப் பேசியதற்கும் வாத்தியாரிடம் பிரம்படி பட்டவர்! அழுதுகொண்டே கற்றவர். ‘அப்படியானால் இந்தப் பையனுக்கு நீர் அதை எடுத்துச் சொல்லியிருக்கலாமே, உமக்கு எப்படி விளங்கிற்று என்பதை?’ என்றோம். அவர் சொன்ன மறுமொழி நம்மைச் சுட்டது. ‘எப்படிச் சொல்வேன்? கற்றுக்கொண்டேன் என்று சொன்னால், பிறவியிலேயே தெரிந்தவர் வேண்டும் என்பார்களே!’

கேட்டீர்களா, அன்பர்களே? அந்த இளைஞரிடம் இருந்த உண்மையான தகுதி அவர் இந்தியைப் பாடுபட்டுக் கற்றவர் என்பது. அதை மறைத்துவிட்டு, இல்லாத தகுதியைப் பூண்டு நிற்கும்படி செய்தது யார்? 2,000 ரூபாய் கொடுத்த நாம். இங்கே முப்பதாண்டு அனுபவமுள்ள அம்மையாரின் பிழைப்பும் போயிற்று. அங்கே நல்ல ஆசிரியராகக்கூடிய ஓர் இளைஞரின் வாயும் அடைபட்டது. நடுவில் பிள்ளை ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு கேடும் உண்டு. தமிழறியாத அந்த ஆசிரியர் பாடம் சொல்வது ஆங்கிலத்தில். அவருக்கும் அது அரைகுறை, பிள்ளைக்கும் அரைகுறை. ஆங்கிலத்தில் வினை நடுவே நிற்கும். இந்தியிலும் தமிழிலும் வினை இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் வேற்றுமைச் சொற்கள் பெயருக்கு முன்; இந்தியிலும் தமிழிலும் பின். ‘எனக்குப் பசிக்கிறது’ என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம். இந்திக்காரரும் ‘முஜே பூக் லகீ ஹை’ என்று அதே வேற்றுமையில்தான் பசிக்கிறார்கள்! ‘போய் வந்து’ என்று நாம் வினையெச்சம் அடுக்குவதுபோல் அவர்களும் ‘ஜாகர்’, ‘ஆகர்’ என்று அடுக்குகிறார்கள். கதவுக்கு நேரே நிற்கிற பிள்ளையைக் கையைப் பிடித்துக் கடற்கரை வரை கூட்டிக்கொண்டுபோய், ஆங்கிலத்தைச் சுற்றி மறுபடியும் அதே கதவுக்கு அழைத்து வருவதற்குப் பெயர் கற்பித்தலா?

நம் சமுதாயத்தாரிடையே மட்டும் உலவும் மயக்கம் ஒன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இந்தி உருதுவுக்கு அண்டை. உருது நம்மவர் மொழி. ஆகவே இந்தி நமக்கு எளிது என்பது அது. உருதுவை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் நகரில் உண்டு, அவர்களுக்கு எளிதுதான். நமக்கு அன்று. கிதாப், துன்யா, வக்த், ஜவாப் எனப் பல சொற்கள் அரபியிலிருந்து இந்தியில் உள்ளன; மக்தபில் ஓதிய பிள்ளைக்கு அவை முன்னறிந்த முகங்கள், மெய்யே. வக்கீல், பாக்கி, தாலுகா என்று தமிழிலும் அத்தகைய சொற்கள் குடியேறியுள்ளன. அதனால் அரபியர் எவரேனும் நம் கடைவீதிக்கு வந்து தமிழ் எளிது என்றாரா? சொல் உறவு வேறு, வாக்கியத்தின் எலும்பு வேறு. எலும்பு முறையில் நம் பிள்ளைக்கு இந்தியின் நெருங்கிய உறவு தமிழ்தான்.

அந்தத் தமிழைத்தான் இப்போது கைவிடுகிறார்கள். நகரின் தனியார் பள்ளிகள் பலவற்றில் இரண்டாம் மொழியாகத் தமிழையோ பிரெஞ்சையோ இந்தியையோ எடுத்துக்கொள்ளலாம். நம் நண்பர் தம் மகனுக்கு இந்தியைக் குறித்துக் கொடுத்திருக்கிறார். பிள்ளைக்குத் தமிழெழுத்து கூட்டிப் படிக்க வராது. சென்ற பெருநாளில் அவனுடைய பாட்டி, உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைக் கையிற் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். பிள்ளை புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த முதுமகளார் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை வாங்கித் துணியில் சுற்றி மீண்டும் அலமாரியில் வைத்தார். வேற்றுமை என்றால் என்ன, வினையெச்சம் என்றால் என்ன என்று தமிழில் அறியாதவனுக்கு இந்தியில் எதைக் கொண்டு விளக்குவது? இந்திக்காகத் தமிழை விட்டவன் இந்தியையும் அடையமாட்டான் என்பதை நம் நண்பருக்கு எடுத்துரைத்தோம். அவர் சினந்தார். ‘நீங்கள் பழைய காலத்து மனிதர்’ என்றார். இருக்கலாம்.

வீட்டாசிரியரை அமர்த்தும் பெற்றோர் அவரிடம் பிறப்பிடம் கேட்பதை விட்டு, வேறு சில கேளுங்கள். ‘நே’ எப்போது வரும், எப்போது வாராது? இதை எந்த மொழியில் என் பிள்ளைக்கு விளக்குவீர்? உமக்கே இது கடினமாயிருந்த காலம் உண்டா? கடைசிக் கேள்விக்கு ‘உண்டு’ என்பாரை அமர்த்துங்கள். அவர் பாட்னாவிலிருந்து வந்தவராயினும் சரி, பாகூரிலிருந்து வந்தவராயினும் சரி. இயலுமானால் இருவரையுமே வைத்துக்கொள்ளுங்கள்: இலக்கணத்திற்கு இங்குள்ளவர், வாரம் ஒரு நாள் உரையாடலுக்கு அங்கிருந்து வந்தவர். ஊதியத்தைப் பிறப்பிடம் பார்த்துப் பங்கிடாதீர்கள். நம் அம்மையாருக்கு 500, அயலாருக்கு 2,000 என்னும் கணக்கு எந்தத் தராசில் நிறுத்தது?

அந்த இளைஞர் இப்போது வியாழக்கிழமைதோறும் இஷாவுக்குப் பின் நம்மிடம் வந்து தமிழ் பயில்கிறார். அவருக்குத் தமிழில் பெருந்தொல்லை ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் இரண்டுமே. கேட்பவனையும் சேர்த்துச் சொல்ல ஒன்று, விலக்கிச் சொல்ல ஒன்று என்பது அவருடைய இரு மொழிகளிலும் இல்லை. சத் பண்டிகைக்கு முன் விடைபெற வந்தவர், ‘அடுத்த வாரம் நாம் ஊருக்குப் போகிறோம்’ என்றார். ‘நாமுமா வரவேண்டும்?’ என்று கேட்டோம். சற்றே விழித்தார்; பிறகு புரிந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தார். தம் ‘ஹம்’ தம்மோடு வந்துவிட்டது என்றார். (இக்கட்டுரை முழுவதும் ஒருவரே எழுதிக்கொண்டு ‘நாம்’ என்கிறோமே, அது ஏன் என்றும் கேட்டார். பத்திரிகை வழக்கு என்று சொல்லித் தப்பித்தோம்.) ஊரிலிருந்து திரும்பியதும் நண்பரின் மகனுக்கு அதே பாடத்தை அவர் சொன்னாராம்: ‘தம்பி, நான் சின்னப் பிள்ளையாயிருந்தபோது எனக்கும் இந்த நே வராது.’ பையன் அன்று நாற்பது வாக்கியம் எழுதியிருக்கிறான். மூன்றே பிழை.

அம்மையாரை மீண்டும் அழைப்பது பற்றி நண்பர் இன்னும் முடிவு செய்யவில்லை. மின்கம்பத்துத் தாள் மழையில் நைந்து, ‘தாய்மொழி’ வரை கிழிந்து தொங்குகிறது.